கை மடங்கியிருந்தால் ஓட்டம்

ஓட்டப்போட்டியில் கடைசியாக வருவதில் எனக்கு வெட்கமே இல்லை. யாராவது ஒருவர் கடைசியாக வந்துதான் ஆகவேண்டும். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு நிம்மதி. எனக்குப் பொறுக்க முடியாதது வேறு. நான் கடைசியாக வந்ததைக்கூட ஒருவரும் காணவில்லை என்பதுதான் அது.

எங்கள் ஊரில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவோடு ஒரு மரதன் ஓட்டம் நடக்கும். மைதானத்தை ஒரு சுற்றுக்கு மேல் ஓடினால் அதற்கு எங்கள் பக்கத்தில் மரதன் என்றுதான் பெயர். தூரத்தை யாரும் அளப்பதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, இரத்தத்தில் சீனி ஏறுகிறது என்று கிளினிக்கில் என்னை முறைத்துப் பார்த்த பிறகு, முதன்முதலாக அதில் ஓட என் பெயரைக் கொடுத்தேன். ஓடினேன், கொஞ்சம் நடந்தேன், மறுபடி ஓடினேன், மைதானத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே முடிவுக் கயிறு இல்லை. ஒலிபெருக்கி இல்லை. சனம் இல்லை. வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் இருந்தார். என்னைக் கண்டதும், "அண்ணன், இதில ஒரு கை பிடிங்க" என்றார். கோட்டைத் தாண்டிய கையோடு கதிரைகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் மனைவி தலையில் நெற்றி மறையத் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"எங்க போன நீங்க? எல்லாரும் வந்து முடிஞ்சு எண்டு ஸ்பீக்கரில சொன்னாங்க. நான் வந்திட்டன்."

"ஓடி முடிச்சிட்டு வாறன்."

"ஓம், ஓம். தேத்தண்ணிக் கடையில ஓடி முடிச்சிரிப்பீங்க."

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், பக்கத்து வீடு. விளையாட்டுக் கழகத்தின் செயலாளரும் அவர்தான், ஒலிபெருக்கியில் கத்துகிறவரும் அவர்தான், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அன்று பின்னேரம் அவரிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் பலகாரத்தை மென்றுகொண்டே சொன்னார்:

"கோவிக்காத மச்சான். நீ முடிக்கல்ல எண்டு நான் சொல்லல்ல. ஆனா நீ முடிச்சத யார் கண்ட?"

இந்த ஒரு கேள்வி என்னை ஒரு வருடம் தூங்கவிடவில்லை என்று எழுத ஆசை. நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் அது குடைந்துகொண்டே இருந்தது. சோற்றில் கை வைத்தபடி ஒருநாள் மனைவியிடம் சொல்லிவிட்டேன்: அடுத்த வருடம் கயிறு கட்டியிருக்கும்போதே வருவேன், அதை நீ உன் கண்ணால் காண்பாய் என்று. அவள் எனக்குக் குழம்பு விட்டபடி, "நான் வரல்ல. போன முறை வெயில்ல நிண்டு தலையிடி வந்ததுதான் மிச்சம்" என்றாள். ஆகவே எனக்கு இப்போது இரண்டு வேலை. கயிறு சுருட்டப்படுவதற்கு முன் வந்து சேர வேண்டும். அவளையும் எப்படியாவது அங்கே வரவைக்க வேண்டும்.

நான் விஞ்ஞான ஆசிரியர். வீடு எழுவான்கரையில், கல்முனை வீதிப் பக்கம், குருக்கள்மடத்திலிருந்து தூரமில்லை. படிப்பிக்கும் பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். நடுவில் வாவி. அதைக் கடக்க ஒரு பாதை உண்டு. பாதை என்றால் வெளியூர்க்காரர்கள் ரோட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகும் தட்டையான படகு. அந்தப் பாதைதான் இந்தக் கதையில் என்னைக் கெடுத்தது, பிறகு காப்பாற்றியது.

தை பிறந்து அறுவடை முடிந்து, வெட்டு மெசின்கள் போன பிறகு, வட்டை என்று நாங்கள் சொல்கிற வயல்வெளி முழுவதும் காய்ந்து கிடக்கும். மாசியிலிருந்து சித்திரை வரை எங்கள் பக்கத்து ஓட்டக்காரர்களுக்கு அதுதான் பருவம். வரம்பில் ஓடலாம், வாய்க்கால் கட்டில் ஓடலாம், ஒவ்வொரு ஊர்க் கழகமும் ஏதாவது ஒரு போட்டி வைக்கும். ஆனால் அதற்கெல்லாம் முதலில் பயிற்சி எடுக்க வேண்டுமே. பயிற்சி எடுக்க ஆளில்லாத இடம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓடுகிற மனிதனைச் சும்மா விடமாட்டார்கள்.

முதல் நாள் காலையில் வாவிக்கரை வீதியில் சப்பாத்தோடு இறங்கினேன். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் பல்துலக்கியை வாயிலிருந்து எடுத்து, "என்ன சேர், ஆருக்கும் ஏதுமோ?" என்றார். இல்லை என்று கையைக் காட்டிவிட்டு ஓடினேன். அடுத்த வளைவில் மீன் வாங்கப் போனவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, "ஏறுங்க, விட்டுடுறன்" என்றார். பயிற்சி என்றேன். "அதுக்கென்ன, ஏறுங்க" என்றார். மறுத்தால் கோபித்துக்கொள்வார், அவருடைய மகளுக்கு நான்தான் படிப்பிக்கிறேன். ஏறினேன். அவர் என்னைப் பத்திரமாக என் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினார். புறப்பட்டுச் சிறிது நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய என்னை மனைவி பார்த்தாள். முற்றம் கூட்டுகிற சத்தம் கொஞ்சம் கூடியது.

இதற்குப் பயந்து இன்னும் முன்னதாக, இருள் பிரியும் நேரத்தில், துறைப் பக்கம் போகும் வீதியைப் பிடித்தேன். துறை வரை ஓடி, அங்கே திரும்பி, வீட்டுக்கு வருவது திட்டம். நல்ல வீதி. இரண்டு பக்கமும் வெட்டவெளி, ஒரு மரம் கிடையாது. தூரத்தில் வரும் ஆளைத் துறையில் நிற்பவர்கள் அங்கிருந்தே காணலாம். அங்கேதான் பிழை நடந்தது.

நான் துறையை நெருங்கும்போது பாதை புறப்படத் தயாராக நின்றது. நிறைய ஆட்கள், அதே அளவுக்கு மோட்டார் சைக்கிள்கள். பாதையை ஓட்டுகிறவர் வாயில் வெற்றிலையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. துறையடிக்கு வந்து, மரக்குற்றியைக் கையால் தொட்டு, திரும்பி வந்த வழியே ஓடத் தொடங்கினேன்.

முதுகுக்குப் பின்னால் எழுந்த சத்தத்தை முழுமையாக எழுத முடியாது. அதில் எழுதக்கூடியது, "அடே, அந்தாளுக்குத்தானே இவ்வளவு நேரம் நிண்ட" என்பது மட்டும்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடம் முடிந்து திரும்பி வரும்போது பாதைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் கோபம் இல்லை, விளக்கம்தான் இருந்தது.

"சேர், ஓடி வாறவர விட்டிட்டுப் பாதைய எடுக்கிறல்ல. எனக்கு இது பழக்கம். ஆஸ்பத்திரிக்கோ செத்த வீட்டுக்கோ ஆருக்குத் தெரியும்."

"நடந்து வந்தா?"

"நடந்து வாறவருக்கு அவசரம் இல்லத்தானே. அடுத்ததில வரட்டும்."

"அவ்வளவு தூரத்தில ஓடுறாரா நடக்கிறாரா எண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என் கையைப் பிடித்து முழங்கையை மடக்கிக் காட்டினார். "காலப் பாக்கப்படாது சேர். கால் தெரியாது. கையப் பாக்கோணும். கை மடங்கியிருந்தா ஓட்டம். தொங்கினா நடை."

விஞ்ஞான ஆசிரியரான எனக்கு இதில் குறை கண்டுபிடிக்க ஆசையாக இருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து துறை கண்ணில் பட்டதும் இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தேன். பாதை என்னை விட்டுவிட்டு நிம்மதியாகப் போயிற்று. ஆனால் அந்த வெட்டவெளி நீளம் முழுவதும் நடை என்றால் பயிற்சியில் பாதி போய்விடுகிறதே. ஒருநாள் மறதியில் கையை மடக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். பாதை நின்றது. சனம் பார்த்தது. இந்த முறை திரும்பி ஓடத் துணிவில்லாமல், முழங்காலுக்கு மேலே நிற்கும் அரைக் களிசானோடு ஏறிவிட்டேன். உள்ளே சேலையும் கைப்பையுமாக எங்கள் அதிபர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அந்தக் கரை போய்ச் சேரும் மட்டும் நாங்கள் இருவரும் வாவியில் மீன்வலைகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பாதையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு ஏறி இறங்கும் பலகை ஒரு முனையில் மட்டும்தான். நடுவாவியில் முழுதாகத் திரும்பி, அதே முனையை அடுத்த கரையில் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். ஆகவே முதலில் ஏறியவன் ஆகக் கடைசியில் இறங்குவான். கடைசியாக ஏறியவன் முதலில் இறங்குவான். தினமும் போய்வருகிற எங்களுக்கு இது தெரியும். அதனால் காலையில் துறையில் நடக்கும் மரியாதையைப் பார்த்தால் யாருக்கும் கண்கலங்கும். "நீங்க போங்க." "இல்ல, நீங்க முன்னுக்குப் போங்க." "சே, வயசுக்கு மூத்த ஆள், நீங்க போங்க." இவர்கள் எல்லோருக்கும் வேலைக்குப் பிந்துகிறது, எல்லோரும் கடைசியாக ஏறப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

சாப்பாட்டு விஷயத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்துப் பத்தியம் வைத்துக்கொண்டேன். வெள்ளைப் பிட்டு நிற்பாட்டு, குரக்கன் பிட்டு தொடங்கு. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். இறால் பொரியலுக்குப் பதில் அவித்த இறால். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப மஞ்சள் கருவ என்ன செய்யிற?" என்றாள். அதற்குப் பதில் கைத்தொலைபேசியில் இருக்கவில்லை. காலைத் தேத்தண்ணிக்கு வரும் மச்சானுக்கு மஞ்சள் கருக்கள் பொரியலாகப் போய்ச் சேர்ந்தன. பொரிக்காத இறாலில் மிஞ்சியதும் அவருக்குப் பொரிந்து போயிற்று. மாசி முடிவதற்குள் அவருடைய கழகப் பெனியன் வயிற்றில் ஏறிக்கொண்டது. என் பத்தியத்தால் உடம்பு மாறியது அவர் ஒருவருக்குத்தான்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன், தயிரைத் தவிர. படுவான்கரை எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாதது, அதில் இரண்டு கரண்டி சீனி. என் வாழ்க்கையில் நான் கேட்டது அதிகமில்லை, இதுதான். சீனியைத்தான் கிளினிக்கில் கூடாதென்றார்கள். சீனி போடாமல் ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் எல்லோர்மீதும் கோபம் வந்தது. அதனால் போட்டி முடியும்வரை தயிரே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். மனைவி சீனிப் போத்தலை மேல்தட்டில் வைத்தாள். அவள் என்னைவிடக் குள்ளம் என்பதை மறந்து வைத்துவிட்டு, பிறகு தேத்தண்ணிக்குச் சீனி எடுக்க ஒவ்வொரு முறையும் என்னையே கூப்பிட்டாள்.

பங்குனி மாதத்தில், பெரிய போட்டிக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று கொக்கட்டிச்சோலைப் பக்கம் நடந்த ஒரு வயல்வெளி ஓட்டத்துக்குப் போனேன். வட்டைக்குள் எந்தப் பக்கம் திரும்புவது என்று சுண்ணாம்புத் தூளால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். முன்னால் போனவர்களுக்கு அது தெரிந்தது. நான் வரும் நேரத்தில் ஒரு பட்டி எருமைகள் அதன்மேல் நடந்துபோயிருந்தன. குளம்பில் ஒட்டிய சுண்ணாம்பு நாலா பக்கமும் போயிருந்தது. எனக்குப் பிடித்த பக்கம் திரும்பினேன். வாழைக்குலை கட்டிய ஒரு பந்தலில் போய் முடிந்தது. சாமத்திய வீடு, பெண்பிள்ளை ஒன்று பெரியவளான கொண்டாட்டம். வேர்த்துவழிந்து வந்த என்னை யாருடைய ஆள் என்று கேட்காமலே கதிரையில் இருத்தி, சோடா தந்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நல்ல மனிதர்கள். புறப்படும்போது பலகாரப் பொதி ஒன்றும் தந்தார்கள்.

பொதியை வீட்டு மேசையில் வைத்தேன். மனைவி பிரித்துப் பார்த்தாள். பயற்றம்பணியாரம், முறுக்கு, ஒரு துண்டு கேக்.

"மரதனுக்கு இதெல்லாம் குடுக்கிறாங்களோ?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொல்லும்போது அது பொய்யைப் போல் கேட்பதை நானே உணர்ந்தேன். மச்சான் முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, "இதையும் ஒருத்தரும் காணல்ல" என்றார். அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே மனம் நொந்துபோயிற்று. ஒரு மனிதன் கஷ்டப்பட்டு ஒரு காரியத்தைச் செய்கிறான். அதைக் கட்டிய மனைவியே நம்பவில்லை என்றால் அவன் யாருக்காக ஓடுவது? பலகாரம் மட்டும் அன்றிரவே தீர்ந்தது.

சித்திரை வந்தது. மச்சானுக்கு அந்த வருடம் ஒரு யோசனையும் வந்தது. இரண்டு கரையையும் இணைக்கிற மரதன். படுவான்கரைக் கோயில் வெளியில் தொடங்கி, வட்டைக்குள்ளால் வந்து, வாய்க்கால் கட்டால் ஏறி, அந்தப் பக்கத்துக் கிரவல் வீதியால் துறைக்கு வந்து, பாதையில் வாவியைக் கடந்து, எங்கள் ஊர் மைதானத்தில் முடிக்க வேண்டும். கழகக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முன்னுக்கு வருகிறவர்களைப் பாதை ஒரு தடவையில் ஏற்றிக்கொண்டு போகும், பிறகு வந்து மற்றவர்களை ஏற்றும் என்பது அவருடைய கணக்கு. பாதைக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லத் தேவையில்ல. வழமை போல ஓடுங்க எண்டு சொன்னன்."

வழமை போல என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். பிறகு அவர் தின்று தீர்த்த மஞ்சள் கருக்களை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

போட்டி நாள் காலை மனைவி வரவில்லை என்று மறுபடியும் சொன்னாள். சமையல் இருக்கிறதாம். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி வரவைத்து, பிறகு நான் வராமல் போனால்?

கோயில் வெளியில் நாங்கள் முப்பது பேர் அளவில் நின்றோம். பெரும்பாலும் இளைஞர்கள், வாழைச்சேனையிலிருந்துகூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். விசில் ஊதியதும் அவர்கள் போனார்கள். நான் பின்னால் போனேன். வட்டையில் அறுத்த நெல்லின் அடிக்கட்டைகள் காலைக் குத்தின. வெயில் ஏறியது. வரம்பில் நின்ற கொக்குகள் மற்றவர்களுக்குப் பறந்து எழும்பின. எனக்கு எழும்பவில்லை, ஒதுங்கி வழிவிட்டன. வாய்க்கால் கட்டுக்கு ஏறும்போது முன்னால் ஒருவரையும் காணவில்லை. இந்த வருடமும் கதிரைதான் ஏற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே கிரவல் வீதியில் திரும்பினேன்.

திரும்பியதும் துறை தெரிந்தது. துறையில் பாதை நின்றது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சிரிப்பதற்கு மூச்சு இருக்கவில்லை. முதலாவது ஆள் வந்து ஏறியிருப்பான். அப்போது இரண்டாவது ஆள் தூரத்தில் ஓடி வருவது தெரிந்திருக்கும். ஓடி வருகிறவனை விட்டுவிட்டுப் பாதைக்காரர் எடுக்கமாட்டார். இரண்டாவது ஆள் ஏறும்போது மூன்றாவது ஆள் தெரிந்திருப்பான். இப்படியே வெட்டவெளியில் எந்த நேரமும் யாராவது ஒருவன் கையை மடக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டேதான் இருந்திருக்கிறான். மச்சானின் மரதன் முழுவதும் அந்தத் துறையில் கட்டிக் கிடந்தது. இனி வர வேண்டியது நான் மட்டும்.

அங்கே நடந்ததைப் பிறகு பலரும் சொல்லித் தெரிந்துகொண்டேன். முன்னுக்கு வந்தவர்கள் பாதைக்காரரைக் கும்பிடாத குறையாம். வாழைச்சேனைப் பையன் ஒருவன், "அண்ணன், அவர் நடக்கிறார், எடுங்க" என்றானாம். இன்னொருவன், "அவர் நிண்டிட்டார்" என்றானாம். பாதைக்காரர் நெற்றியில் கையை வைத்து நன்றாகப் பார்த்தாராம்.

"கை மடங்கித்தான் இரிக்கு. ஓட்டந்தான். நிப்பம்."

என் பக்கத்து விவகாரத்தையும் சொல்ல வேண்டும். அந்த வீதி முடிகிற மாதிரி இல்லை. என் உடம்பில் எல்லாம் நடக்கச் சொல்லியது. நடந்தால் கை தொங்கும், கை தொங்கினால் பாதை போய்விடும், பாதை போனால் கயிறு சுருட்டப்படும், யார் கண்ட என்று இன்னொரு வருடம் கேட்பார்கள். முழங்கைகளை மடக்கி நெஞ்சோடு ஒட்டினேன். துறை வந்து சேரும் மட்டும் அவற்றை இறக்கவே இல்லை. கால்கள் என்ன செய்தன என்று கேட்காதீர்கள். பாதைக்காரரே பார்க்காததை நீங்கள் ஏன் பார்க்க வேண்டும்?

பலகையில் கால் வைத்ததும் முப்பது முகங்கள் என்னை முறைத்தன. ஆனால் அவற்றில் எதிர்பார்த்த அளவு கொடூரம் இல்லை. காரணம் உடனே தெரிந்தது. பாதையில் தயிர்க்காரர் ஒருவர் சட்டிகளோடு எழுவான்கரைக்கு வந்துகொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் ஓட்டக்காரர்கள் அவரிடம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்னுக்கு வந்தவர்கள் அதிகம் காத்திருந்தார்கள். ஆகவே அதிகம் சாப்பிட்டிருந்தார்கள். சட்டிகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

"சீனியும் தந்தவரோ?" என்று கேட்டேன்.

"ஓம் சேர், தாராளமா" என்றான் முதலாவதாக வந்தவன், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு. வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்பதை அப்போது அறிந்தேன்.

நடுவாவியில் பாதை திரும்பியது. நான் கடைசியாக ஏறியவன், பலகையில் நிற்கிறேன். முன்னுக்கு ஏறியவர்கள் எல்லோரும் இப்போது எனக்குப் பின்னால், மோட்டார் சைக்கிள்களுக்கும் சட்டிகளுக்கும் அந்தப் பக்கம். வெளியூர்ப் பையன்களுக்கு இது கரை தட்டும்வரை தெரியவில்லை. தெரிந்ததும், "சேர், கொஞ்சம் விலகுங்க" என்றார்கள். வயதுக்கு மூத்தவனை முன்னுக்குப் போகச் சொல்வதுதானே எங்கள் துறையின் வழக்கம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அப்படித்தான் என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ஓட்டப்போட்டியில் முதலாவதாக ஓடினேன். பின்னால் தயிர் நிறைந்த வயிறுகள், இருந்து இருந்து இறுகிப்போன கால்கள். ஒருவனுக்குப் பலகையிலேயே கெண்டைக்கால் பிடித்து, உதறிவிட்டுத்தான் ஓடத் தொடங்கினான். வீதி முழுவதும் எனக்கு மட்டும். ஓட்டத்தைக் காண மைதான மதிலில் ஏறி நின்ற யாரோ என்னைக் கண்டு மச்சானுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒலிபெருக்கி திடீரென்று என் பெயரைச் சொன்னது. அந்தக் குரலில் இருந்த அதிர்ச்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"முதலாவதாக வந்துகொண்டிருப்பவர்…" என்று தொடங்கியது அந்தக் குரல். பிறகு மைக்கிலேயே யாரிடமோ, "நல்லாப் பாத்தியா? எங்கட மச்சானோ?" என்று கேட்டது ஊர் முழுவதும் கேட்டது.

வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கிணற்றடிக்காரர் வந்தார். மோட்டார் சைக்கிள்காரர் வந்தார், நல்லவேளையாக வண்டி இல்லாமல். வேலிக்கு மேலால் தலைகள். பாதித் தூரத்தில் முதலாவது பையன் என்னைத் தாண்டினான். "இப்ப ரெண்டாவது" என்றது ஒலிபெருக்கி. "இப்ப மூணாவது. நாலாவது. பொறுங்க, ஆறாவது." இப்படி ஒவ்வொரு இலக்கமாக என்னை இறக்கிக்கொண்டே போனார். நான் எத்தனையாவது இடத்தில் போய் நிற்கப்போகிறேன் என்று பார்க்கவே பாதி ஊர் மைதானத்துக்கு வந்துவிட்டது. முதலாவதாக வந்தவனுக்கு அவ்வளவு கூட்டம் இருக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். இருபதுக்குப் பிறகு மச்சான் எண்ணுவதை விட்டுவிட்டு, "ஓடு மச்சான், ஓடு" என்று மட்டும் கத்தினார். கழகச் செயலாளர் பக்கம் சாயக்கூடாதுதான். சாய்ந்தார்.

மைதானத்துக்குள் திரும்பினேன். முடிவுக் கயிற்றை முதலாவது பையன் அறுத்துக்கொண்டு போயிருந்தான். மிஞ்சிய துண்டை யாரோ மறுபடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு முனையில் கழகத்து ஆள். மற்ற முனையில் என் மனைவி. வீட்டுச் சட்டையோடு, தலை வாராமல், ஒரு கையில் கயிறு, மற்றக் கையில் குழம்பு வடியும் அகப்பை. ஒலிபெருக்கியில் முதலாவது என்று கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அவளுடைய கால்களில் இரண்டு வேறு செருப்புகள்.

நான் கடைசியாக வந்தேன். கயிறு நெஞ்சில் பட்டது. கொஞ்சம் குழம்பும் பட்டது.

அன்று பின்னேரம் மச்சான் வந்து இருந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. தேத்தண்ணி ஊதிக் குடித்துக்கொண்டு, விடக்கூடாது என்பதற்காகவே கேட்டார்.

"என்ன எண்டாலும் கடைசிதானே, மச்சான்?"

நான் பதில் சொல்ல முன் மனைவி குசினியிலிருந்து தயிர்க்கோப்பையோடு வந்து என் முன்னால் வைத்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து சீனிப் போத்தலைத் தானே எடுத்து, இறங்கி வந்து, ஒரு கரண்டி போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அரைக் கரண்டி கூடப் போட்டாள்.

"கடைசிதான்" என்று அண்ணனிடம் சொன்னாள். "நான் கண்டன்."